ஏறுகிற எடை

980 கிராம். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தராசு காட்டிய எண் அது. பன்னிரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்ட குழந்தை. அப்பன்காரர் அழவில்லை, கும்பிடவில்லை. கண்ணாடிக் கதவருகே நின்ற நர்ஸிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இந்தத் தராசைக் கடைசியா எப்பம்மா சரிபார்த்தீங்க?"

நர்ஸ் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தராசு சரியாத்தான் இருக்கு சார். உங்க பொண்ணுதான் அவசரப்பட்டுட்டா."

அப்பன்காரரைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருஷமாக அவர் வேலையே அதுதான். கடை, கிடங்கு, ஆலை என்று ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவார். ஒரு கையில் எடைக்கல் பெட்டி, இன்னொரு கையில் ரசீதுப் புத்தகம். ஒரு கிராம் பிசகினாலும் விடமாட்டார் என்பதால் சந்தையில் அவருக்குத் தராசு முள்ளை வைத்து 'முள்ளு' என்று பெயர். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவி மட்டும் கோபம் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவாள்.

ஒன்பது வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு 1,810 கிராமோடு குழந்தை வீட்டுக்கு வந்தது. மூச்சு இன்னும் முழுசாகப் பழகவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டங்கள்: எடை, பால், மூச்சு. தினமும் நிரப்ப வேண்டும். மூன்றில் எது சரியில்லாமல் போனாலும் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

"எடை ஒரு நாளைக்கு இருபதுலேர்ந்து முப்பது கிராம் ஏறணும்," என்றார் நர்ஸ். முள்ளுவின் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

எடைக் கட்டம் அவருடையது. பாலும் மூச்சும் மனைவியின் பொறுப்பு. அவர் பேனாவால் எழுதினார், அவள் பென்சிலால். தாள் கட்டில் தலைமாட்டில் ஒட்டப்பட்டிருந்தது. இருவரும் அதே தாளைத்தான் தினமும் பார்த்தார்கள், ஆனால் அவரவர் கட்டத்தை மட்டும்.

காலை ஏழு மணிக்கு எடை போடுகிற சடங்கு தொடங்கும். ஃபேனை நிறுத்துவார், காற்றுப் பட்டால் எண் ஆடும். ஜன்னலைச் சாத்துவார். தன் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ கல்லை எடுத்து வைத்துப் பார்த்து, எண் நின்ற பிறகுதான் குழந்தை தட்டில் ஏறும். பார்க்க வந்திருந்த மச்சான் வாசற்படியில் சாய்ந்து நின்று கேட்டான்:

"மாப்ள, முத்திரை எங்க குத்துவீங்க? முதுகுலயா?"

"உன் வாயில குத்துறேன், கொஞ்சம் மூடிக்கிட்டு நில்லு. நீ விடுற மூச்சுக்கே எண்ணு ஆடுது."

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. ஏழாம் நாள் 1,978. எட்டாம் நாளிலிருந்து எண்கள் ஓட ஆரம்பித்தன. நாற்பத்தொன்று. ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டு. பதினொன்றாம் நாள் எழுபது கிராம். முள்ளு தரையில் கால் பாவாமல் திரிந்தார். கடைக்காரர்களிடமெல்லாம் சொன்னார். கன்னம் உப்பிவிட்டதாம், கண் இடுங்கும் அளவுக்குச் சதை போட்டுவிட்டதாம்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"பால் இழுக்க மாட்டேங்குறா. நாலு வாய் குடிச்சா ஒரு தடவை மூச்சு வாங்குறா. நெத்தியெல்லாம் வேர்க்குது."

"புழுக்கம்டி."

"ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"எழுபது கிராம் ஏறியிருக்கு. குடிக்காமயா ஏறும்? இரண்டு கிலோ கல்லு வச்சுப் பார்த்தேன், தராசு இம்மி பிசகல."

அவள் பென்சிலை எடுத்துத் தன் கட்டத்தில் ஏதோ எழுதினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம்வரை தொட்டதற்கெல்லாம் சிணுங்கிய குழந்தை, இப்போது எடைத் தட்டில் கிடத்தினாலும் கண் திறப்பதில்லை. சமர்த்து என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை 2,272. எடை போடுவதற்காகக் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி ரப்பரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. "பாரு, சாக்ஸே பத்தல. பொண்ணு வளர்றா," என்றார். புதுச் சாக்ஸ் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்.

அன்று பஞ்சுக் கிடங்கு ஒன்றிலிருந்து புகார். மேடைத் தராசு எடை கூட்டிக் காட்டுகிறதாம். கிடங்கை நடத்தும் அம்மாள் குரலிலேயே மூட்டை தூக்குகிறவர். முள்ளுவைக் கண்டதும் ஆரம்பித்தார்.

"வாங்க சார். உங்க முத்திரை இருக்குதேன்னு நம்பினேன். வண்டி வண்டியா எடை ஏறுது, பிரிச்சுப் பார்த்தா பஞ்சு எப்பவும் போல அதே அளவுதான் இருக்கு. தராசுக்குப் பேய் புடிச்சிருக்கா?"

முள்ளு கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். இறக்கினார். மூலைக்கு மூலை மாற்றி வைத்துப் பார்த்தார். பிசகு இல்லை.

"தராசு சுத்தமா இருக்கும்மா."

"அப்ப மூட்டைதான் கள்ளன்." அந்த அம்மாள் பக்கத்திலிருந்த மூட்டையின் வாயைப் பிரித்து, பஞ்சில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். "பாருங்க. காஞ்ச பஞ்சுன்னா உடனே எழும்பி வரும். இது எழும்புதா? தண்ணி தெளிச்சிருக்கான் படுபாவி. ஏறினது பஞ்சு இல்ல சார், தண்ணி."

இந்த வித்தையை முள்ளு நூறு தடவை பார்த்திருக்கிறார். அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் இன்று பஞ்சிலிருந்த குழியை விட்டு அவர் கண் நகரவில்லை. கட்டைவிரல் அளவுக் குழி. அது அப்படியே நின்றது. அவருக்குக் கணுக்காலில் பதிந்திருந்த ரப்பர்த் தடம் ஞாபகம் வந்தது.

"என்ன சார், முகமே வெளுத்துப்போச்சு?"

அவர் எடைக்கல் பெட்டியைத் தராசின் மேலேயே விட்டுவிட்டு நடந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பெட்டியை அவர் எங்கேயும் விட்டு வந்ததில்லை.

வீட்டில் குழந்தை மனைவியின் மடியில் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் மண்டியிட்டார். குட்டிப் பாதத்தின் மேல் சுண்டுவிரலை வைத்து லேசாக அழுத்தினார். எடுத்தார்.

குழி விழுந்தது. எழும்பவில்லை.

நிமிர்ந்து தலைமாட்டுத் தாளைப் பார்த்தார். முதல்முறையாகப் பென்சில் கட்டங்களைப் படித்தார். பால், ஒரு வேளைக்கு: நாற்பத்தைந்து மில்லி, நாற்பது, முப்பத்தைந்து, முப்பது, இருபத்தைந்து. மூச்சு, நிமிஷத்துக்கு: ஐம்பது, ஐம்பத்தாறு, அறுபத்திரண்டு, அறுபத்தெட்டு, எழுபத்தாறு. ஒரு கட்டம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது, மற்றது ஏறிக்கொண்டே போயிருந்தது. நடுநடுவே அவள் கையெழுத்தில் சின்னதாக, "சொன்னேன்", "மறுபடி சொன்னேன்" என்று இருந்தது.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"பையை எடு," என்றார். "போலாம்."

"எங்க?"

"ஏறினது அவ இல்லடி. தண்ணி."

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ்தான் இருந்தார். குழந்தையை வாங்கியவர் அதன் முகத்தைப் பார்த்த கணமே நடையை எட்டிப் போட்டார். உள்ளே தராசில் கிடத்தினார். 2,275. இந்தத் தடவை முள்ளு தராசைப் பற்றிக் கேட்கவில்லை.

மூக்கில் ஆக்சிஜன் குழாய், காலில் ஊசி, மார்பில் ஒட்டிய ஒயர்கள். டாக்டர் அரை மணி கழித்து வெளியே வந்தார். நுரையீரலும் இதயமும் களைத்துப்போய், உடம்பில் நீர் தேங்கிவிட்டதாகச் சொன்னார். மூச்சு விடுவதே குழந்தைக்குப் பெரிய வேலையாகிவிட்டதாம்.

"நீரை இறக்க மருந்து போட்டிருக்கோம். அது வேலை செய்யுதான்னு எடையிலதான் தெரியும்."

"எவ்வளவு ஏறணும் டாக்டர்?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"ஏறக் கூடாது. இறங்கணும். காலைக்குள்ள நூறு கிராமாவது இறங்கணும். இறங்கலன்னா மெஷின்தான் அவளுக்காக மூச்சு விடணும். இந்த நுரையீரல் அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

மனைவி வராந்தா பெஞ்சில் தாளை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். "முள்ளு," என்றாள். திட்டப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பென்சிலை அவர் கையில் திணித்தாள். "அந்தக் கண்ணாடி வழியா தெரியுதுல்ல. நீங்களே எண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு."

அவர் கதவருகே போய் நின்றார். உப்பிய சிறு மார்பு ஏறி இறங்குவதை எண்ணினார். எண்பத்திரண்டு. மூன்றாவது கட்டத்தில் எழுதினார்.

அடுத்த எடை காலை ஆறு மணிக்கு.