நூறு ரூபாய் வெட்டு

எங்கள் பெரியப்பாவுக்கு மந்திரிகளைத் திட்டுவதுதான் உத்தியோகம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர். காலையில் பூஜையை முடித்துவிட்டு, பஞ்சகச்சமும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக மயிலாப்பூரிலிருந்து காரில் கோட்டைக்குப் போவார். மறுநாள் பேப்பரில் யாராவது ஒரு மந்திரி பதில் சொல்லத் திணறியதாக வரும். வீட்டிலோ, காபியில் சர்க்கரை போட மறந்தால்கூடப் பேசாமல் குடித்துவிட்டுப் போகிற சாது. அவ்வளவு கோபத்தையும் கோட்டைக்கென்று சேர்த்து வைக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் அரசாங்கத்துக்குச் சிக்கனப் பைத்தியம் பிடித்தது. எதை மூடினால் செலவு குறையும் என்று தேடியவர்களுக்கு, குளத்துக்குப் பின்தெருவில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம்தான் கண்ணில் பட்டது. கோடை விடுமுறைக்குப் பிறகு திறக்கமாட்டார்களாம். அண்ணாக்கள் படித்த பள்ளிக்கூடத்தை மூட யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! அம்மா அதற்காக அலட்டிக்கொள்ளவே இல்லை.

"படிச்சது போறும். ஆத்துல இருந்து அப்பளம் இடட்டும். ஜாதகத்தையும் வெளில எடுத்துடலாம்" என்றாள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அப்படித்தான் போன தை மாதம் கல்யாணமாகிக் கும்பகோணம் போய்விட்டாள். ஆனால் எனக்குப் பெரியப்பா இருந்தார். அவர் ஒரு சத்தம் போட்டால் மந்திரி நடுங்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட மாட்டாரா என்ன!

பெரியப்பாவின் குமாஸ்தா சிந்தாதிரிப்பேட்டைக்காரர். காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அவரோடு கோட்டைக்குப் போகிறவர். ஒருநாள் சாயங்காலம் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? நாளைக்கு ஐயா மந்திரிய ஒரு புடி புடிக்கப் போறாரு. பள்ளிக்கூடங்களுக்குன்னு கேட்ட பணத்துல நூறு ரூபா வெட்டு!"

அடப்பாவமே! பணமில்லை என்றுதான் பள்ளிக்கூடத்தையே மூடுகிறார்கள். இருக்கிற பணத்தில் இன்னும் நூறு ரூபாயை வெட்டினால் விளங்கினாற்போலத்தான். சொந்தப் பெரியப்பாவே காலை வாரிவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது, ரசம் சாதத்தில் வைத்த கையை எடுக்காமலே கேட்டுவிட்டேன்.

"எங்க பள்ளிக்கூடத்துப் பணத்தை நீங்களே வெட்டப் போறேளாமே, பெரியப்பா?"

வாயை மூடச் சொல்லி அம்மா அதட்டினாள். பெரியப்பா அவளைக் கையமர்த்தினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சபையில் ஓர் அங்கத்தினர் கேட்டதுபோல என் கேள்வியை எடுத்துக்கொண்டார்.

"நீ கூப்பிட்டும் பெரியம்மா காதுல வாங்கலேன்னா என்ன பண்ணுவே?"

"புடவைத் தலைப்பைப் பிடிச்சு இழுப்பேன்."

"புடவையைக் கிழிக்கவா?"

"இல்லே. திரும்பிப் பாக்கறதுக்கு."

"அவ்வளவுதான். மந்திரி லட்சலட்சமாக் கேக்கறார். அதுல நூறு ரூபாயைக் கொறைக்கணும்னு நான் பிடிச்சு இழுத்தா, அவர் திரும்பிப் பதில் சொல்லியே ஆகணும். ஓட்டுல நான் ஜெயிச்சுட்டா, அப்புறம் அவர் மந்திரியா இருக்க முடியாது."

கடைசியில் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து, மறுநாள் பெரியம்மாவோடு சபையின் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே எல்லாம் இங்கிலீஷ். பின்னால் இருந்த குமாஸ்தா எங்கள் காதில் தமிழில் ஓதிக்கொண்டே வந்தார்.

பெரியப்பா எழுந்தார். திட்டவே இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கேள்விதான் கேட்டார், ஒன்றன்பின் ஒன்றாக.

"இந்தப் பொண்ணுங்க இனிமே எங்க படிக்கும்னு கேக்கறாரு. வேற ஸ்கூலு கீதுன்றாரு மந்திரி. எவ்ளோ தூரம்னு கேக்கறாரு. தெரியாதுன்றாரு. தெரியாமயே மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களான்றாரு!"

மந்திரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அத்தனை பெரிய மனிதர்களும் எங்கள் பெரியப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெரியப்பா என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது.

கடைசியில் மந்திரி எழுந்து சுருக்கமாக ஏதோ சொன்னார். பெரியப்பா தலையை லேசாகத் தாழ்த்தி, ஒரே வரி பேசிவிட்டு உட்கார்ந்தார். குமாஸ்தாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"ஸ்கூலை மூடலைன்னு மந்திரி வாக்குக் குடுத்துட்டாரு. ஐயா வெட்டை வாபஸ் வாங்கிக்கினாரு."

"ஓட்டு?"

"ஓட்டே இல்ல பாப்பா."

அன்று சாயங்காலம் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் ஒரே கூச்சல்.

"ஜெயிக்கறதுக்கு வேண்டிய ஆள் நம்ம பக்கம் இருந்தது. ஓட்டுக்கு விட்டிருந்தா மந்திரி இன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பார். அந்த நாற்காலில நீங்கன்னா உக்காந்திருப்பேள்!" என்றார் அவர்களில் மூத்தவர்.

"அவர் போயிருப்பார், வாஸ்தவம்" என்றார் பெரியப்பா. "அப்புறம் யார் மந்திரின்னு நாம மாசக்கணக்கா அடிச்சிண்டிருப்போம். ஜூன்ல பள்ளிக்கூடத்தை யார் திறப்பா?"

மூத்தவர் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அவர் கோபம் ரொம்ப நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. சண்டை என்று போனால் ஜெயிக்க வேண்டாமா? புடவைத் தலைப்பைப் பிடித்துவிட்டு யாராவது பாதியில் விடுவார்களா? இரண்டு நாள் பெரியப்பாவோடு பேசவில்லை.

ஜூன் பிறந்தது. மந்திரி வாக்குக் கொடுத்தபடியே எங்கள் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் வகுப்பில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த புதுப் பெண் என் காதோரம் குனிந்தாள்.

"உங்க பெரியப்பா கடைசில பயந்து பின்வாங்கிட்டாராமே? எங்கப்பா சொன்னார்."

அவளைப் பிறாண்டலாம் போலிருந்தது. ஆனால் அவமானம் பிடுங்கித் தின்ன, புதுப் புத்தகத்தின்மேல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாம். தோத்துப் போயிட்டார்" என்றேன்.

அதற்குள் டீச்சர் வந்து பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என் முறை வந்ததும் எழுந்து நின்று, "பிரசென்ட், டீச்சர்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.