இரண்டாம் பாகம் யார் கையில்?

காலையில் செங்கல்பட்டில் ஆபீஸ் ஷட்டிலில் ஏறியதுமே ஒரு பதிவு போட்டேன். நாம் எல்லோரும் கொண்டாடிய அந்த ரோல்பிளேயிங் வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை, முதல் பாகம் செய்த ஸ்டுடியோவிடமே கொடுக்க வேண்டும். வேறு ஸ்டுடியோவுக்குக் கொடுத்தால் அது துரோகம்.

பக்கத்து சீட்டில் தினேஷ். ஒரே ஆபீஸ், வேறு டீம். எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"எவன் செஞ்சா இன்னா மச்சான்? ஆட நல்லா கீதா, அவ்ளோதான்."

"ராப்பகலா உக்காந்து செஞ்சவன் ஒருத்தன், பேர் வாங்குறவன் இன்னொருத்தனா?" திருப்போரூர் தாண்டியும் நான் விடவில்லை.

சிறுசேரி வந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தினேஷ் பல வருடமாக வளர்த்த ஆப்பின் அடுத்த வெர்ஷனை இனி என் டீம் செய்யுமாம்.

"தினேஷ், இவருக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடுங்க."

நான் வாய் திறந்து சொன்னது ஒன்றுதான். "ஓகே சார்."

மதியம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்கிரீனாகக் காட்டினான். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினான்.

"இத்த மட்டும் மாத்திடாத மச்சான்."

"பாக்கலாம்" என்றேன்.

இப்போது திரும்பும் ஷட்டில். தினேஷ் முன்சீட்டில், காதில் ஹெட்ஃபோனுடன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்தேன்.

காலைப் பதிவுக்குப் புதிதாக ஒரு லைக். தினேஷ்.

இனி அழித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்; அழிக்கவும் முடியவில்லை.

அந்த ஸ்டுடியோ விஷயத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், மக்களே. என்னுடையதை வாபஸ் வாங்கிவிட்டேன்.