கண்ணாடிக்கு வெந்நீர்

என் மாமா பொய் சொல்கிறார். காரின் முன்கண்ணாடிக்கு வெந்நீர் அடிக்கும் ஏற்பாட்டைத் தானே செய்ததாகப் போன மாதம் தன் எண்பதாம் கல்யாணத்திலும் சொன்னார். செய்தது அவருடைய அக்கா, என் பெரியம்மா. பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை என்கிற தைரியம். நான் இருக்கிறேன்.

பெரியம்மா புத்தூரில் பிரசவ டாக்டர். பழைய கார் ஒன்றைத் தானே ஓட்டுவார். அறுபதுகளில் திருச்சியில் அதை நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஐப்பசியில் மழை விட்ட சாயங்காலங்களில் காவிரிப் பாலத்து விளக்குகளை ஈசல் மொய்க்கும். வறுத்தால் எண்ணெய் விடுகிற பூச்சி. வைப்பர் அதைக் கண்ணாடி முழுக்க மெழுகிவிடும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். ஸ்ரீரங்கத்தில் யாரோ ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருக்க, பெரியம்மா பாலத்தில் நின்று கண்ணாடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தார். மெல்லிய செப்புக் குழாய் ஒன்றை முதலில் புகைக்குழாயில் சுற்றினார். தண்ணீர் கொதித்து, முனையில் மாட்டிய ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டது. பிறகு என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுநீர் போகும் குழாயில் சுற்றினார். ஒரு முனை குளுக்கோஸ் பாட்டிலில், மறுமுனை கண்ணாடிக்கு அடியில். பாட்டிலில் மாட்டி ஸ்டியரிங் பக்கம் இழுத்துவிட்ட ரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பந்தை அமுக்கினால் தண்ணீர் சூடாகிப் பீச்சியடிக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மாமா அன்று சாப்பிட வந்திருந்தார்.

"ஏன்க்கா, காருக்கும் வெந்நீர்க் குளியலா? சீயக்காய் அரைச்சுட்டு வரட்டுமா?"

"நெய்க் கிண்ணத்தைப் பச்சத் தண்ணியில கழுவிப் பாரு, தெரியும். அந்த ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தார். அவர் செய்த வேலை அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்தது. மாமாவும் நானும் காரில் தொற்றிக்கொண்டோம். பாலத்தில் பெரியம்மா பந்தை அமுக்கினார். கண்ணாடி பளிச்சென்று துலங்கியது. போன வீடு கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. உடனே புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் பெரியம்மா. அந்தப் பெண்ணின் மாமனார் மறித்தார்.

"பொம்மனாட்டி ஓட்டற வண்டி. பாலத்துல ஈசல் கண்ணை மறைக்கறது. ரெண்டு உயிர். பெருமாள் விட்ட வழி, இங்கேயே ஆகட்டும்."

அப்போதுதான் மாமா முன்னால் போனார். "நான் பொன்மலை பட்டறைங்க. கண்ணாடிக்கு வெந்நீர் அடிக்க நானே செஞ்சு மாட்டியிருக்கேன். பயப்படாம ஏத்துங்க."

பெரியவர் முகம் இளகியது. பெரியம்மா பின்கதவைத் திறந்துவிட்டார். ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் பந்து. பாலத்தில் பஸ்கூட நின்றிருந்தது. எங்கள் கார் நிற்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸ்கூட இன்னும் போகாத பெரியம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அந்த வாசலில் "நான்தான் செய்தேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றியிருக்கவே மாட்டார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று அந்தப் பொய் உதவியது. ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் எதற்கு? இத்தனை வருஷம் எதற்கு? மாமா, அடுத்த மாதம் உங்கள் பேத்தி கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் அத்தனையும் வரும். அங்கே, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள். அதைச் செய்தது யார்?