மேக்கேதாட்டுப் பயணத் தாளில் நான் எழுதிய ஐந்தாவது வரி

பெங்களூரில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஆறுகள், சிற்றூர்கள் பற்றி இந்த வலைப்பதிவில் இதுவரை பதினோரு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மேக்கேதாட்டு பற்றி மட்டும் எழுதவில்லை. பின்னூட்டத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற இடத்துக்கே போனதில்லையா என்று ஒருவர் சீண்டினார். போயிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், 2006 நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுத வெட்கமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வாரம் ஊரிலிருந்து என் அக்காவும் அத்தானும் தொம்மலூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தானுக்கு மயிலாடுதுறையில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் கடை. முப்பது வருடமாக மோட்டார் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசியவர், அதனால் வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். அவர் டீ கேட்டால் மாடி வீட்டுக்காரருக்கும் டீ குடிக்கத் தோன்றும். பெங்களூரில் எதையும் பார்க்க அவருக்கு ஆசையில்லை. "தண்ணி சத்தம் போடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போ மாப்ள. எங்கூருக்கு வர்றதுக்குள்ள அது களைச்சுப் போயிடுது" என்றார். ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் காவிரியைப் பார்த்தே வாழ்ந்தவர் கேட்பதில் என்ன தப்பு?

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தாள் இல்லாமல் நான் பயணம் போக மாட்டேன். எத்தனை மணிக்கு எங்கே, எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பாடு, எங்கே கழிப்பறை, எல்லாம் ஒரு பக்கத்தில் அச்சாக வேண்டும். அடியில் விதிகள். அன்றைய தாளில் ஐந்து விதிகள் இருந்தன. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். மாற்றுத்துணி எடுக்க வேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஐந்தாவது, கனகபுரா வந்ததும் வெளியாட்கள் முன்னால் யாரும் தமிழில் பேசக் கூடாது.

அந்த ஐந்தாவது வரிக்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. காவிரிச் செய்தி அந்த வாரம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்திருந்தது. என் அலுவலகத்தில் சிலர், கொஞ்ச நாள் தமிழ்ப் பாட்டைச் சத்தமாக வைக்காதே என்று பாதி விளையாட்டாகச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு வருடமாக இந்த ஊர்ச் சோறு தின்கிறவன் நான். ஆனாலும் பயந்தேன். பயத்தில் அதோடு நிற்கவும் இல்லை. அத்தானின் கரைவேட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லி, என் பழைய பேன்ட் ஒன்றைக் கட்டாயப்படுத்திப் போட வைத்தேன். இடுப்பு பிடித்தது, கால் நீளம். அவர் அதில் நடந்ததைப் பார்த்து அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வாடகை இண்டிகா. கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய், குறைந்தது 250 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 150, ஆக 1,525 ரூபாய். காலை 6.10க்குக் கிளம்பினோம். டிரைவர் முனிராஜ், ஒக்கலிபுரத்துக்காரர், வீட்டில் தமிழ், ஸ்டாண்டில் கன்னடம். நான் வண்டியில் விதிகளைப் படித்துக்காட்டியபோது ஐந்தாவதுக்குக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சும்னே எதுக்கு சார் பயம்? நாங்க மூணு தலமொறையா இங்க தமிழ்தான் பேசறோம். பஞ்செ, அதான் வேட்டி, இந்த ஊர்ல எல்லாருந்தான் கட்றாங்க."

உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் உள்ளூர் என்று சொல்லி அவர் வாயையும் அடைத்தேன். அத்தான் மட்டும் எதிர்ப்பே சொல்லவில்லை. மாப்பிள்ளை படித்தவன், காரணமில்லாமல் சொல்ல மாட்டான் என்றார்.

கனகபுரா 62 கிலோமீட்டர், 7.45க்குச் சேர்ந்தோம். அவசரமாகக் கடந்து போகிற ஊர் இல்லை இது, தனியாகவே ஒரு காலை கொடுக்கலாம். பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் மூட்டை மூட்டையாகப் பட்டுக்கூடு இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ஓட்டுவீடுகளின் முன்னால் ராகிக் கதிர் காயப் போட்டிருந்தார்கள், வண்டிகள் அதன் மேல் ஏறிப் போனால்தான் அவர்களுக்கு வேலை மிச்சம். தட்டே இட்லி இரண்டு, வடை ஒன்று, காபி, தலைக்கு 22 ரூபாய். அத்தானுக்குச் சட்னி பிடித்துப்போனது. இன்னும் வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, பரிமாறுபவரிடம் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

8.20க்குக் கிளம்பி 9.25க்குச் சங்கமம். வீட்டிலிருந்து 99 கிலோமீட்டர். அர்க்காவதி வந்து காவிரியில் சேரும் இடம் இது. மேக்கேதாட்டுக்குப் போக அர்க்காவதியைப் பரிசலில் தாண்ட வேண்டும், தலைக்கு 20 ரூபாய். அக்கரையில் கண்ணாடி இல்லாத ஒரு பழைய பேருந்து நிற்கும், போக வர 30. நாலு கிலோமீட்டர்தான், ஆனால் எலும்பை எண்ணிப் பார்க்க வைக்கும் பாதை. பரிசல்காரர் சித்தராஜுவிடம் என் கன்னடத்தில் விலை பேசினேன். அவர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

மேக்கேதாட்டை எழுதிக் காட்ட முடியாது. அவ்வளவு அகலமான ஆறு ஒரு பாறை இடுக்குக்குள் நுழைந்து கத்துகிறது. அத்தான் அதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வருவார், சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்ப்பார், விழுங்கிவிடுவார். அந்த இரைச்சலில் அவர் குரல் எடுபட்டிருக்கக்கூடிய ஒரே இடம் அது, அங்கேயும் நான் விடவில்லை.

12.30க்குச் சங்கமத்துக்குத் திரும்பினோம். அக்கா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும் சாப்பிட்டோம். தாளின்படி 2.00க்குக் கிளம்ப வேண்டும். அத்தான் சைகையில் ஆற்றைக் காட்டி அனுமதி கேட்டார். முழங்கால் வரை என்று நான் தொட்டுக் காட்டினேன். அவர் பாறைகளின் மேல் நடந்து போனார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேன்டை எவ்வளவு சுருட்டினாலும் அது இறங்கிக்கொண்டே இருந்தது.

1.40 இருக்கும். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது, நாற்பது அடி தூரத்தில், அத்தான் கழுத்தளவு தண்ணீரில் ஒரு பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. நாலு விரலைக் காட்டினேன், நாலாவது விதி என்று. பிறகு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் நகரவில்லை. சரி, ஆசைப்பட்டுக் குளிக்கிறார், இருக்கட்டும் என்று கேமராவை எடுத்து ஒரு படமும் எடுத்தேன்.

அப்போதுதான் பின்னால் இருந்து யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சித்தராஜு. கையில் துடுப்பு.

"என்னா சார், பாத்துக்குனே நிக்கிறீங்க? அவருக்குக் கால் எட்டல."

தமிழ். நல்ல தமிழ். பாறை மேல் படுத்துத் துடுப்பை நீட்டினார். அத்தானின் ஒரு கை பாறையில் இருந்து வழுக்கியது, மறு கை துடுப்பைப் பிடித்தது. ஓடி வந்த இன்னும் இருவர் சித்தராஜுவின் காலைப் பிடித்துக்கொள்ள, இழுத்துப் போட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இடத்தில் பாறைக்கு அடியில் குழி இருப்பதும், ஈரத்தில் கனத்த பேன்ட் காலைச் சுற்றிக்கொண்டதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தான் தண்ணீரைக் கக்கிவிட்டு உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம். பக்கத்திலேயே இத்தனை பேர் இருந்தோமே, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று சித்தராஜு அவரைத் தமிழிலேயே திட்டினார். அத்தான் முதலில் என்னைப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கிற பார்வை அது. பிறகு, அவரிடமிருந்து நான் கேட்டேயிராத சின்னக் குரலில் சொன்னார்.

"கத்தினா தமிழ்லதானே வரும் மாப்ள."

தமிழில் கத்தினால் என்ன என்று சித்தராஜுவுக்குப் புரியவில்லை. முனிராஜ் பக்கத்தில் போய் என் ஐந்தாவது விதியைக் கன்னடத்தில் சொன்னார். சித்தராஜு என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் நான் கன்னடத்தில் விலை பேசியபோதே நாங்கள் யார் என்று தெரிந்துவிட்டதாம். அங்கே வருகிறவர்களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் நிறைய, தமிழிலேயே கேட்டிருக்கலாமே என்றார். அத்தானின் முழங்காலுக்குத் தன் தோள் துண்டைக் கட்டிவிட்டார். அதைத் திருப்பி வாங்கவும் இல்லை.

திரும்பும் வழியில் அக்கா கனகபுரா தாண்டி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "வாய மூடுங்கன்னு இருபத்திரெண்டு வருஷமா நான் சொல்றேன் தம்பி. நீ சொன்னதத்தான் கேட்டாரு." மாலை 5.05க்கு வீடு. தாளில் போட்டதைவிட அரை மணி நேரம் தாமதம், மொத்தம் 198 கிலோமீட்டர். அதைக்கூட அன்றைக்கு நான் குறித்துவைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மேலே உள்ள நேரமும் செலவும் இரண்டு வருடம் பழையவை, கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். சங்கமத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், எங்கே இறங்கலாம் என்று பரிசல்காரரைக் கேளுங்கள், அவர் கை காட்டிய இடத்தில் மட்டும் இறங்குங்கள். மழைக்கு அடுத்த மாதங்களில் கரையிலேயே இருங்கள். பேன்டோடு இறங்காதீர்கள். உங்களுக்கு எந்த மொழி வருமோ அதில் பேசுங்கள். கூட வருகிறவர்களுக்கு விதி போடும் முன், அந்தப் பயம் அவர்களுடையதா உங்களுடையதா என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

அன்றைய படங்களைப் பார்க்கப் பிடிக்காமல் அப்படியே ஒரு சிடியில் போட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்பியிருந்தேன். இப்போது இதை எழுத வைத்தது அந்தப் படங்களில் ஒன்றுதான். போன மாதம் மயிலாடுதுறை போனபோது அத்தானின் கடைக்குள் நுழைந்தேன். மோட்டார்களுக்கு மேலே, சுவரில், கண்ணாடி போட்ட பெரிய படம். பாறை, இரண்டு கை, கழுத்தளவு தண்ணீர், இறுக மூடிய வாய். மோட்டாரைத் திரும்ப வாங்க வந்திருந்த ஒருவர் அது எந்த ஊர் என்று கேட்டார். அத்தான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், "மேல காவிரி. நான் குளிக்கிறப்ப எங்க மாப்ள எடுத்தது. தோ, நிக்கிறாரு பாருங்க."

அந்த ஆள் என்னைப் பார்த்து, நன்றாக எடுத்திருக்கிறீர்கள் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு நின்றேன்.