அப்பா சட்டையில் ஆறாவது பொத்தான்

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இருப்பவை இரண்டு தனிப் படங்கள். ஒன்று, செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. அதில் அவருக்கு இருபத்தொன்பது வயது. மற்றது, மாதா கோயிலில் என் திருமணப் பூசை முடிந்ததும் எடுத்தது. அதில் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. சரியாக இரண்டு மடங்கு. மீதிப் படங்கள் நான்கு முறை வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன.

அப்பா முப்பத்து நான்கு வயதில் இறந்தார். எனக்கு அப்போது இரண்டு வயது, அக்காவுக்கு ஒன்பது. என்னை மலாக்காவில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். பதினாறு வயதில் நான் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு முன்பற்கள் போயிருந்தன, கன்னம் ஒட்டியிருந்தது. அம்மாவின் இளம்வயது முகத்தை அறிந்தவள் இன்று அக்கா ஒருத்திதான்.

அவளுக்கு எண்பத்து மூன்று வயது. ஆங் மோ கியோவில் பணிப்பெண்ணின் துணையோடு இருக்கிறாள். போன வருடம் கண் மருத்துவர், அவளுடைய விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார். ஊசி போட்டுக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றார். எவ்வளவு காலம் என்று மூன்று முறை கேட்டேன். அவர் மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. வீடு திரும்பும்போது டாக்சியில் அக்கா தன் ஆசையைச் சொன்னாள். பார்வை போவதற்குள் அப்பாவையும் அம்மாவையும் அருகருகே பார்க்க வேண்டும், சிறுமியாக அவள் பார்த்தபடியே.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடையின் மாடியில், பழைய புகைப்படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தரும் பெண்மணி இருப்பதாகக் கேள்விப்பட்டு அக்காவை அழைத்துப் போனேன். இருபத்திரண்டு படிகள். அக்கா நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அப்பாவைப் படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாம், அம்மாவை நீங்கள் சொல்லச் சொல்லத்தான் வரைய வேண்டும் என்றார் ஓவியர். நிறத்தைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் தயங்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் வெள்ளையாத்தான் கேப்பாங்க, ஆன்ட்டி."

"எங்கம்மா நல்ல கருப்பு. வெள்ளையாப் போட்டீங்கன்னா அது வேற யாரோ" என்றாள் அக்கா.

மூன்று முறை போனோம். பென்சில் கோட்டுக்கு நான்கு அங்குல தூரத்தில் முகத்தை வைத்து, தாடையை இன்னும் ஒடுக்கமாக, காதை இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இடப் புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததாம். எனக்குத் தெரியாது. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

படம் முடிந்துவிட்டது, ஆன்ட்டியைக் கூட்டி வாருங்கள் என்று ஓவியர் அழைத்தார். நான் முதலில் தனியாகப் போய்ச் சரிபார்ப்பது என்று முடிவு செய்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டுபோனேன். அப்பாவின் சட்டையில் ஆறு பொத்தான்கள் இருந்தன. புகைப்படத்தில் ஐந்து.

ஓவியர் சிரித்தார். "அங்கிள், பட்டனை யாரு எண்ணப் போறா லா? ஆன்ட்டி முதல்ல வந்து பாக்கட்டும். அப்புறமா மாத்திக்கலாம்."

நான் சம்மதிக்கவில்லை. அவள் பார்ப்பது பிழையில்லாத படமாக இருக்க வேண்டும் என்றேன். பொத்தானை மறைத்த இடம் தனியாகத் தெரிந்தது. அதனால் சட்டை முழுவதையும் மறுபடி தீட்ட வேண்டியதாயிற்று. மழைக்காலம் வேறு, வண்ணம் காயவில்லை. ஏழு வாரமும் இரண்டு நாளும் போயின. அதற்குள் அக்காவுக்கு இரண்டு ஊசிகள். ஐந்து முறை தொலைபேசியில் கேட்டாள். ஐந்து முறையும் சட்டை இன்னும் சரியாகவில்லை என்றேன்.

"சட்டைய யாருடா கேட்டா?" என்றாள் கடைசி முறை.

படத்தை டாக்சியில் கொண்டுபோய், அவள் வீட்டு ஜன்னலருகே நாற்காலியில் சாய்த்து வைத்தேன். அவள் வழக்கம்போல் நான்கு அங்குலத்துக்குக் குனிந்தாள். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள்.

"ஃபிரேம் தெரியுதுடா. நாலு ஓரமும் தெரியுது. நடுவுல ஒண்ணுமில்ல."

செபப் புத்தகத்தை அவள் கையில் எடுத்து ஒன்பது நாளாகிறது என்று பணிப்பெண் மெதுவாகச் சொன்னாள். ஒன்பது நாள். பொத்தானைக் கண்ட அன்றே நான் அவளை அழைத்துப் போயிருந்தால் ஆறு வாரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். தழும்பு இருக்கிறது, தாடை ஒடுக்கமாக இருக்கிறது, நிறம் நல்ல கருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அதெல்லாம் நான் சொன்னதுதான். அவ மாதிரி இருக்காளா?"

"இருக்காங்கக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பிறகு படத்தை இங்கேயே மாட்டச் சொன்னாள். உன் வீட்டில் எதற்கு, உனக்கு அது யாரோ ஒரு பொம்பளைதானே என்றாள். அவள் கைகாட்டிய சுவரில் மாட்டினேன். நேராக இருக்கிறதா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். பிறகு நானே தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

பேருந்தில் வரும்போது ஓவியரிடமிருந்து செய்தி வந்திருந்தது, ஆன்ட்டிக்கு அம்மாவின் முகம் பிடித்திருந்ததா என்று. மூன்று பதில்கள் எழுதி மூன்றையும் அழித்தேன். படம் சுவரில் மாட்டியாகிவிட்டது என்று மட்டும் அனுப்பினேன்.