முகத்தை மறைச்சாங்க, விரலை மறைக்கல

அஞ்சாவதோட நின்னவ நான். எழுத்து கோணலா இருக்கும், பாதி மறந்தும் போகுது, மன்னிச்சிடுங்க.

ஆம்பூர்ல வீட்லயே உக்காந்து ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன். யுனிவர்சிட்டியில சமூகவியலும் குற்றவியலும் நடத்துற மேடம் ஒருத்தங்க வந்து எங்க வேலையைப் பத்தி விசாரிச்சாங்க. தைக்கத் தோல் குடுக்கற ஏஜெண்ட், வேலை வாங்க வர்ற பொண்ணுங்க கையைப் பிடிச்சு இழுக்கறதைச் சொன்னேன். "உங்க பேரும் முகமும் வெளிய வராதும்மா"ன்னு சொல்லி, தைக்கும்போது போட்டோ எடுத்தாங்க.

போன மாசம் ஏஜெண்ட் வாசல்ல வந்து நின்னான். மேடம் யுனிவர்சிட்டி கூட்டத்துல நான் சொன்னதோட சேத்துக் காட்டின அந்தப் படம், யார் யாரோ அனுப்பி வாட்ஸப்புல அவனுக்கே வந்திருக்கு. முகத்தை மறைச்சிருந்தாங்க, என் கோணல் கட்டைவிரல் பளிச்சுனு தெரியுது.

"இன்னா ஆயா, இந்த விரல் எனக்குத் தெரியாதா? இனிமே உனக்கு வேலை கிடையாது"ன்னுட்டான்.

அதிர்ந்து பேசாத நான், பஸ் ஏறி யுனிவர்சிட்டிக்கே போய், படிக்கிற பசங்க முன்னாடியே மேடத்தைக் கேட்டேன்: "சாட்சியைக் காப்பாத்தணும்னு பாடம் சொல்றீங்களே, என்னை யாரு காப்பாத்தறது?"

"தப்பு என்னுதுதாம்மா"ன்னு அழுதாங்க. அழுதா என் வேலை வந்துடுமா?

இப்பவும் யார் கேட்டாலும் சொல்றேன், வாயை மூட மாட்டேன். ஆனா எடுத்த போட்டோவை நான் பார்த்து, கை தெரிஞ்சா அழிக்க வச்சுட்டுத்தான் அவங்களை அனுப்பறேன்.

மேடம் நடத்துற பாடத்தோட பேரு சரிதானான்னு தெரிஞ்சவங்க பாருங்க. ஏஜெண்ட் பத்தி எழுதினதையும் யாராவது நேர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க.