மூன்று பேர் போதாது

நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் எப்படி இருக்க வேண்டும் என்று மருத்துவமனையின் பணிக் குறிப்பு ஒன்பது வரிகளில் சொல்கிறது. நல்ல உடற்கட்டு, மென்மையான குரல், மேலதிகாரிகளின் உத்தரவைத் தாமதமின்றி நிறைவேற்றும் இயல்பு, இன்ன பிற. ஸ்கேன் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கும் ஈசூன் வட்டாரத்து மரியம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு, உயரம் நாலே முக்கால் அடி. அவர் ரகசியம் பேசினால் வெளியே காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உத்தரவு விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

ஸ்கேன் மேசையில் ஆளைக் கிடத்துவதில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. காலையில் வந்ததும் முதலில் தானே ஏறிப் படுத்துப் பார்ப்பார். "விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தா நமக்கு அது சுருக்கம். அசையாம கிடக்கிறவங்களுக்கு அது கல்லு" என்பார். ஸ்கேன் எடுக்கும் முனீரா, "ஹோட்டல் ரூம் செக் பண்ற மாதிரி இருக்குக்கா" என்று சீண்டினால், "ஹோட்டல்ல பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்ல" என்று பதில் வரும்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்த ரத்னவேலைக் கழுத்துப் பட்டையோடு கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து கடல் கடந்து வேலைக்கு வந்தவர். கிரேனுக்குக் கைச்சைகை காட்டுகிற சிக்னல்மேன். முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம். தள்ளுகட்டிலிலிருந்து மேசைக்கு மாற்றும்போது உடம்பு ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். தோள் திரும்பி இடுப்பு பிந்தினால் நரம்பு போய்விடலாம். தலைக்கு, தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு என்று நாலு பேர் தேவை. நாலாவது ஆளை வேறொரு அவசரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ரத்னவேல் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. "எத்தனை பேரு தூக்குறீங்கக்கா?"

"மூணு பேரு தம்பி."

"சிக்னல் யாரு?"

"தலையைப் பிடிக்கிற டாக்டரு."

"யார்டுல ஆள் குறைஞ்சா நாங்க லோடைத் தொட மாட்டோம்க்கா. ஸ்டாப்னு யாரு வேணா சொல்லலாம். தரையைக் கூட்டுறவரு சொன்னாலும் கிரேன் நிக்கணும்." பிறகு, "எடது காலு மரத்துக்கிட்டு வருது" என்றார்.

அதைக் கேட்டதும் தலைப்பக்கம் நின்ற டாக்டர் சேவியருக்கு அவசரம் கூடியது. அதில் நியாயமும் இருந்தது. நரம்பு நசுங்குகிறது என்றால் படம் உடனே வேண்டும். "ஆன்ட்டி, காலர் போட்டாச்சு லா. மூணு பேர் போதும். ரெடி? ஒண்ணு, ரெண்டு..."

"ஸ்டாப்" என்றார் மரியம்மாள். பத்தொன்பது ஆண்டுகளில் அன்றுதான் அவர் குரல் மென்மையாக வந்தது. அதனாலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"என்னையா நிறுத்துறீங்க?"

"லோடை நிறுத்துறேன் டாக்டர்."

"கால் மரத்துப் போகுதுன்னு அவரே சொல்றாரே."

"அதனாலதான். இன்னும் இருக்கிற காலை நாம எடுத்துடக் கூடாது. முனீரா, மேல வார்டுக்குப் போன் போடு."

தோள்பக்கம் நின்ற முனீரா போனை எடுத்தார். டாக்டர் தலையை விடாமல் கடிகாரத்தைப் பார்த்தார். மரியம்மாள் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. இந்தத் தாமதத்தில் கால் போனால் பழி யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு உள்ளங்கைகளையும் ரத்னவேலின் இடுப்பில் பதித்து அசையாமல் நின்றார்.

"உங்கள எங்க யார்டுக்கு எடுத்துக்கலாம்க்கா" என்றார் ரத்னவேல்.

"என் சைஸுக்கு ஹெல்மெட் கிடைக்காது. பேசாம கிட."

வார்டிலிருந்து அதீஃப் என்ற தாதி மூச்சிரைக்க ஓடிவந்து கால்பக்கம் நின்றார். டாக்டர் இந்த முறை ரத்னவேலிடம் கேட்டார், "ரெடியா?" ரத்னவேல் கம்பியை விட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். மூன்று எண்ணியதும் உடம்பு ஒரே கட்டையாகத் திரும்பியது. ஆளை நகர்த்தும் பலகை அடியில் போனது. ஆள் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

படத்தில் இரண்டு எலும்புகள் உடைந்திருந்தன. ஒரு சில்லு, நரம்புத் தண்டுக்கு நகக்கண் அளவு தள்ளி நின்றது. டாக்டர் சேவியர் அதை வெகுநேரம் பார்த்தார். "ஆன்ட்டி" என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினார். அன்று பிற்பகலே அறுவைச் சிகிச்சை நடந்தது. நாலு மாதம் கழித்து ரத்னவேல் ஊன்றுகோலோடு ஊருக்கு விமானம் ஏறினார்.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மரியம்மாளுக்கு ஒரு படிவம் வந்தது. நடந்தது இதுதான்: நாலாவது ஆள் வரும்வரை, ஆறு நிமிடம், அந்த மனிதரைத் தூக்க அவர் யாரையும் விடவில்லை.